பஸ்ஸம்மாவும் குட்டியின் சுருட்டை முடியும்

பள்ளிக்கூட பஸ் ஓட்டும் அந்த அம்மாளைப் பிள்ளைகள் பஸ்ஸம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவ்வளவு பெரிய வண்டியைச் சந்துக்குள் அனாயாசமாகப் பின்னால் எடுப்பவள், ஒரு நாலு வயதுப் பிள்ளையின் தலைமுடியிடம் தோற்றுப்போனாள்.

குட்டி இவளிடம் வளர்ப்புக்கு வந்தவள். இனம் வேறு, நிறம் வேறு, முடி சுருள் சுருளாக அடர்த்தி. தலை வாராமல் பிள்ளையை வெளியே விட்டால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று கேட்டு வளர்ந்தவள் பஸ்ஸம்மா. தினமும் ஷாம்பு போட்டு அலசி, காய்ந்த முடியில் நெருக்கமான பல் சீப்பை விட்டு இழுத்தாள். முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. மூன்றே மாதத்தில் பிடரியில் சொட்டை விழுந்துவிட்டது.

பார்வையிட வந்த குழந்தைகள் நல அதிகாரியின் கண் நேரே அங்கேதான் போனது. "அவ இனத்துலயே ஒரு குடும்பம் கிடைச்சா மாத்திடறதுதான் நல்லதுன்னு எழுதப்போறேன்மா" என்றார். பஸ்ஸம்மாவுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

பஸ்ஸில் வரும் இரட்டைப் பெண்களின் அம்மா, மருந்துக்கடைக்காரி, குட்டியின் இனம். வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, குட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக் கதவைத் தட்டினாள் பஸ்ஸம்மா.

"அடப்பாவமே, யாரு இப்படிப் பண்ணது?"

"நான்தாங்க."

மருந்துக்கடைக்காரி திட்டவில்லை. ஈரத்தில்தான் சிக்கெடுக்க வேண்டும், நுனியில் தொடங்கி மேலே போக வேண்டும், வாரம் ஒருமுறை அலசினால் போதும் என்று ஞாயிறுதோறும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். புதுமுடி முளைத்தது.

அப்போதுதான் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. குட்டியின் இனத்திலேயே குடும்பம் கிடைத்துவிட்டதாம். போய்ப் பார்த்தால், உட்கார்ந்திருந்தது மருந்துக்கடைக்காரி. பிள்ளை வளர்க்க என்றைக்கோ பதிவு செய்து வைத்திருந்தாளாம். யாரைக் கோபித்துக்கொள்வது? பஸ்ஸம்மா குட்டியை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு விருப்பம்தானே?" என்று அதிகாரி மருந்துக்கடைக்காரியைக் கேட்டார்.

"ஆசை இல்லாமலா பதிவு பண்ணேன்? அதுக்காக அவ மடியிலேருந்து பிடுங்கிட்டுப் போகவா? தப்பு பண்ணா, வந்து ஒத்துக்கிட்டா, கத்துக்கிட்டா. இதுக்கு மேல ஒரு அம்மா என்னங்க செய்யணும்? எங்க ஆளுங்களையும் எங்க பேச்சையும் குட்டி தெரிஞ்சுக்கணும். அதுக்கு நான் இருக்கேன். பெரியம்மான்னு எழுதிக்கங்க."

படிவத்தில் பெரியம்மாவுக்கு இடம் இல்லை. அதிகாரி ஓரத்தில் பேனாவால் ஒரு கட்டம் போட்டு எழுதினார்.

நன்றி சொல்லத்தான் வாயெடுத்தாள் பஸ்ஸம்மா. "எனக்குக் கூடப் பொறந்த அக்கா கிடையாதுங்க" என்று மட்டும் சொன்னாள்.

"இனிமே அப்படிச் சொல்லாதடி" என்றாள் மருந்துக்கடைக்காரி.