பாலிஷ் போட்ட ஷூவும் பக்கச் சக்கர ஸ்கூட்டரும்

அடி அண்ணாமலையில் எங்கள் தெருமுனைக்குப் பௌர்ணமி அன்று ஒரு விசில் சத்தம் உண்டு. ஊதுகிறவர் என் வீட்டுக்காரர். கிரிவலம் வருகிற கூட்டம் எங்கள் முனையில்தான் முட்டிக்கொள்ளும். தண்ணீர்ப் பந்தலுக்கு ஒரு கூட்டம், டீக்கடைக்கு ஒரு கூட்டம், செருப்பைத் தொலைத்துவிட்டு நடுரோட்டில் நிற்கிற கூட்டம் ஒன்று. இவர் ஒரு கையில் தடியை ஊன்றிக்கொண்டு இன்னொரு கையை நீட்டி விசில் ஊதினால் ஜனம் அப்படியே ஓரம் கட்டும். யாரும் அவரை அங்கே நிற்கச் சொல்லவில்லை. சம்பளமும் கிடையாது. "மிலிட்டரிக்காரரு இல்லன்னா இந்த முனையில நசுங்கிப் போவாங்க" என்று டீக்கடைக்காரர் சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தைக்காகப் பல வருஷம் நின்றார்.

பட்டாளத்தில் பதினான்கு வருஷம் இருந்தவர். வடக்கே ஒரு மலைப்பாதையில் வண்டி உருண்டு, இடது இடுப்பும் முழங்காலும் நொறுங்கி, உள்ளே கம்பி வைத்து, "இனி பணிக்கு லாயக்கில்லை" என்று எழுதி அனுப்பினார்கள். அப்போது எங்கள் மகளுக்கு மூன்று வயது. இப்போது அவள் சென்னையில் நர்ஸ். அந்த இடைவெளி முழுக்க நாங்கள் ஓட்டியது ஊனத்துக்கான பென்ஷனில்தான். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. மகளின் படிப்புக்கு உதவித்தொகை வந்தது. வீட்டு வரியில் சலுகை கிடைத்தது. மருத்துவ அட்டை இருக்கிறது. படைவீரர் நல அலுவலகம் மூலமாக எனக்கு ஒரு தையல் மிஷின்கூட வந்தது. இதில் ஒன்றையாவது அவர் கேட்டு வாங்கினாரா என்றால் இல்லை. எல்லாம் நான் ஃபைலைத் தூக்கிக்கொண்டு திருவண்ணாமலைக்கு பஸ் ஏறி அலைந்து வாங்கியது. அந்த ஃபைலுக்கு அவர் வைத்த பெயர் "உன் துப்பாக்கி".

இரண்டு வருஷத்துக்கு முன் அந்தக் கால் திடீரென்று மோசமானது. வீட்டு வாசலில் இருந்து தெருமுனைக்கு முந்நூறு அடி இருக்கும். அந்த முந்நூறு அடி அவரால் முடியாமல் போனது. பௌர்ணமி வந்தால் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தூரத்துக் கூட்டத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். விசில் ஆணியில் தொங்கும். நான் ஒரு தடவை அதை எடுத்துத் துடைத்தேன். "இன்னாத்துக்கு அத தொடைக்கிற?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு மனசு தாங்கவில்லை.

வெளியே போக முடியாத ஆள் வீட்டுக்குள் என்ன செய்வார்? ரோந்து போவார். வாசலுக்கும் கிணற்றடிக்கும் இடையே இருக்கிற உலகத்தை ஒரு நாளைக்கு இரண்டு தடவை சுவரைப் பிடித்துக்கொண்டு சுற்றிப் பார்த்துவிட்டு, சாப்பிட உட்காரும்போது எனக்கு ரிப்போர்ட் கொடுப்பார். பட்டாளத்தில் ரோந்து போய் வந்தால் பார்த்ததைப் பார்த்தபடி சொல்ல வேண்டுமாம். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. "டேங்க்ல அரை அளவு தண்ணி. வால்வு கசியுது. பக்கத்து வீட்டு ஆடு முருங்கைய மேஞ்சிட்டுப் போச்சு, நாலு கெள காலி. ரிப்போர்ட் முடிஞ்சுது." சொல்லிவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு ரசம் ஊற்றுவேன்.

ஒரு நாள் அவரை ஆட்டோவில் நல அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். வாசலில் யாரோ ஒருவருடைய ஸ்கூட்டர் நின்றிருந்தது. பின்பக்கம் இரண்டு பக்கமும் கூடுதல் சக்கரம் வைத்தது. நான் உள்ளே போய் ஜெராக்ஸ் கொடுத்துவிட்டு வந்து பார்த்தால், மனுஷன் அந்த வண்டியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டு நிற்கிறார். என்னைப் பார்க்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஹாரனை ஒரே ஒரு தடவை அழுத்தினார். பிறகு குற்றவாளி மாதிரி கையை எடுத்துக்கொண்டார். அப்போதே முடிவு செய்தேன், இந்த வண்டியை இவருக்கு வாங்காமல் விடுவதில்லை என்று.

அலுவலகத்து உதவியாளரும் பட்டாளத்தில் இருந்து வந்தவர்தான். விசாரித்தேன். "கெடைக்கும்மா. ஆனா பழைய மிலிட்டரி பேப்பர் பென்ஷனுக்குத்தான். இதுக்குப் புதுசா அரசு ஆஸ்பத்திரி மருத்துவக் குழு முன்னாடி நிக்கணும். கால் எவ்ளோ சதவீதம் போயிருக்குனு அவங்க எழுதணும். கம்மியா எழுதிட்டா வண்டி வராது" என்றார்.

அவ்வளவுதானே, இந்தக் காலைப் பார்த்தால் கல்லும் எழுதிக் கொடுக்குமே என்று நினைத்தேன். அங்கேதான் தப்பு செய்தேன். தப்பில் பாதி என்னுடையது.

குழு முன் போகிற நாள் அவர் விடியற்காலையிலேயே எழுந்து ஷேவ் செய்தார். மீசைக்கு எண்ணெய். டிரங்குப் பெட்டியைத் திறந்து பழைய கறுப்பு ஷூவை எடுத்தார். துணியில் பாலிஷைத் தொட்டு வட்டம் வட்டமாகத் தேய்த்தார். முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. நானாவது வாயைத் திறந்து "என்னங்க, நாம போறது பரேடுக்கு இல்லைங்க" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெரியவர்கள் முன்னால் போகிறாரே, கௌரவமாகப் போகட்டும் என்று சட்டையை மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். போதாக்குறைக்கு, ஆட்டோ குலுக்கலில் வலிக்குமே என்று வலி மாத்திரையையும் போட்டுவிட்டேன்.

அறைக்குள் மேஜைக்குப் பின்னால் மூன்று டாக்டர்கள். அவர்களைப் பார்த்தாரோ இல்லையோ, இவருக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. தடியை என் கையில் திணித்தார். சல்யூட் ஒன்று அடித்தார்.

"கொஞ்சம் நடங்க" என்றார் நடுவில் இருந்தவர்.

நடந்தார். எப்படி நடந்தார் என்கிறீர்கள்! தடி இல்லாமல், சுவரைத் தொடாமல், கையை வீசிக்கொண்டு மேஜையில் இருந்து கதவு வரை போய், 'டக்'கென்று திரும்பி வந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்ததும் காதோரம் வேர்வை இறங்கியதும் எனக்குத் தெரிந்தது. அவர்களுக்குத் தெரியவில்லை.

"வலி இருக்கா?"

"டீக் ஹை சாப். எல்லாம் நல்லாருக்கு."

நான் குறுக்கே புகுந்து, "இல்லீங்க சார், வீட்ல செவுத்த பிடிச்சிக்கினுதான்…" என்று ஆரம்பித்தேன். இவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் வாய் தானாக மூடிக்கொண்டது. அவர்கள் பார்த்ததை எழுதினார்கள். அவர்கள் மேல் குறை சொல்ல எனக்கு நாக்கு இல்லை. சதவீதம் குறைந்தது. வண்டி மனு திரும்பி வந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் பெஞ்சில் சரிந்தவர் அரை மணி நேரம் எழவில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "யாருக்குங்க இந்த வீரம்? எதிரி வந்துட்டானா?" என்று கேட்டேன். அவர் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆபீசரு எப்டி இருக்கன்னு கேட்டா வேற எதுவும் வாயில வரல. நான் இன்னா செய்யட்டும்?" என்றார். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டாத ஜாதி. மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை. அவருக்குப் பிடிக்காத உப்புமாவாகப் போட்டுத் தீர்த்தேன். அதையும் "நல்லாருக்கு" என்று சொல்லித் தின்றார்.

நல அலுவலகத்து உதவியாளர் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "இவரு மொத ஆளு இல்லம்மா. போன மாசம் ஒருத்தரு ஒத்தக் கால்ல நின்னு காட்டிட்டு வந்தாரு" என்றவர், மறு பரிசோதனைக்கு மனு எழுதவும் உதவினார். சில மாதம் கழித்து மறுபடி கூப்பிட்டார்கள்.

இந்த முறை ஷூவை ஒளித்து வைத்தேன். மாத்திரை கொடுக்கவில்லை. கசங்கிய சட்டை. "பிச்சைக்காரன் மாரி கூட்டிக்கினு போறியா?" என்று வழி முழுக்க முணுமுணுத்தார். அறையில் இந்தத் தடவை பெரிய டாக்டர் ஒரு பெண். எங்கள் மகளைவிடப் பத்து வயது கூடுதலாக இருக்கும். அவரைப் பார்த்ததும் ரப்பர் செருப்போடேயே இவர் விறைத்து நின்றார். தடி மறுபடி என் கைக்கு வந்தது.

"எப்படி இருக்கீங்க ஐயா?"

"டீக் ஹை மேடம்."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. இன்னும் ஒரு நிமிஷத்தில் நடக்கச் சொல்லுவார். இவர் நடந்து காட்டிவிடுவார். விசில் கடைசிவரை ஆணியிலேயே தொங்கும். அப்போதுதான் சாப்பாட்டு நேரத்து ரிப்போர்ட் எனக்கு ஞாபகம் வந்தது. எங்கிருந்து தைரியம் வந்ததோ, மேஜைக்குப் பக்கத்தில் போனேன்.

"மேடம், எப்டி இருக்கீங்கன்னு கேக்காதீங்க. நேத்து காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ரிப்போர்ட் குடுக்கச் சொல்லுங்க. அதுல மட்டும் இவருக்குப் பொய் வராது."

டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நிஜமான அதிகாரி போலவே, "ரிப்போர்ட் சொல்லுங்க" என்றார்.

இவர் என்னை முறைத்தார். பிறகு எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"காலைல அஞ்சு மணி. எழுந்திருக்க மூணு தடவ முயற்சி. முடியல. சம்சாரம் தூக்கி விட்டா. கட்டில்லேர்ந்து பாத்ரூம் பதினெட்டு அடி, செவுத்த பிடிச்சிக்கினு போனேன். நின்னு குளிக்க முடியாது, ஸ்டூல்தான். போன மாசம் அங்க ரெண்டு தடவ விழுந்தேன். சம்சாரத்துக்குத் தெரியாது. போன தடவ இங்க நடந்து காமிச்சேன். அப்புறம் ஒரு வாரம் ராத்திரி வலில தூக்கம் இல்ல. அதுவும் தெரியாது."

இரண்டு தடவை விழுந்தாரா? நான் மிஷின் மிதித்துக்கொண்டிருந்த நேரமாக இருக்கும். ரிப்போர்ட் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் நிறுத்தவில்லை.

"தூக்கி விடுற சம்சாரத்துக்கு முதுகு வலி. எட்டு மாசமா இருக்குது. நான் கண்ண மூடுனதும் தைலம் தேச்சிக்கிறா. நான் தூங்கிட்டேன்னு நெனைக்கிறா. நான் தூங்கல. வண்டி வந்தா வெளிய போவ வர அவ என்னத் தாங்க வேணாம். ரிப்போர்ட் முடிஞ்சுது மேடம்."

டாக்டர் என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு முதுகு வலியாம்மா?" என்று கேட்டார்.

"ஐயோ, இல்லீங்க மேடம். நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றேன். சொல்லும்போதே என் முதுகு நேராக நிமிர்ந்ததை நானே உணர்ந்தேன். கையில் அவருடைய தடி வேறு. டாக்டர் முதலில் சிரித்தார், பிறகு இவர் சிரித்தார். நான்தான் அழுதேன். அவரை எக்ஸ்ரேக்கு அனுப்பிப் பொறுமையாகச் சோதித்து எழுதினார்கள். எனக்கும் தனியாக ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார் டாக்டர்.

வண்டி வந்தது. அதில் அவர் முதன்முதலாகத் தெருமுனைக்குப் போன பௌர்ணமியில் விசில் சத்தம் கேட்டு நான் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். கூட்டம் ஆரம்பிக்கும் முன்பே போய் வண்டியை டீக்கடை ஓரமாக நிறுத்தி, அதன் மேலேயே உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தார். பாலிஷ் போட்ட ஷூ காலில் இருந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் வீட்டில் ஒரு பழக்கம் மாறிவிட்டது. ரிப்போர்ட் இப்போது நான் கொடுக்க வேண்டும். முதல் நாள் கேட்டபோது, "எல்லாம் நல்லாதான் இருக்கு, சாப்பிடுங்க" என்றேன். "அது ரிப்போர்ட் இல்ல" என்று தட்டைத் தள்ளி வைத்தார். வேறு வழியில்லாமல் சொன்னேன். குனிந்தால் நிமிர முடியவில்லை, மிஷின் மிதித்தால் இடுப்பு வரை இழுக்கிறது, காலையில் அவரைத் தூக்கும்போது கண் இருட்டுகிறது. சொல்லச் சொல்ல எனக்கே ஆச்சரியமாக இருந்தது, இவ்வளவு இருந்ததா என்று.

மறுநாள் பகலில் ஒரு கயிற்றை எடுத்து முடிச்சு முடிச்சாகப் போட்டு, கட்டிலுக்கு மேலே இருக்கிற ஜன்னல் கம்பியில் கட்டினார். அடுத்த நாள் விடிந்ததும் நான் தூக்கக் குனிந்தேன். "நீ தள்ளி நில்லு" என்றார். கயிற்றைப் பிடித்து இழுத்தார். முடியவில்லை. மறுபடி இழுத்தார். நான் புடவை முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு அசையாமல் நின்றேன். நாலாவது தடவை எழுந்து உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது.

"வலிக்குதாங்க?" என்று கேட்டேன்.

கயிற்றை விடாமல் என்னைப் பார்த்தார்.

"வலிக்குதுடி" என்றார். கால் நொறுங்கி வீடு வந்து சேர்ந்த இந்த இருபத்திரண்டு வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் என்னிடம் சொன்னது அன்றைக்குத்தான்.