கொக்கோவுக்கு ஈரப் புடவை

சிதம்பரத்தில் ஒரு கல்லூரிப் பசுமைக்குடிலுக்கு நான் பொறுப்பாக இருந்தபோது, அதில் நாலு கொக்கோ மரங்கள் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டவர் வடலூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு அம்மா. மெலிந்த உடம்பு, முழங்கைவரை எப்போதும் ஈரம்.

தண்ணீரைப் பனிபோலத் தூவும் மெஷின் ஓடினால்தான் நம் வெயிலில் கொக்கோ தாங்கும். கரண்ட் போனால் தளிர் சுருண்டுவிடும். அதற்காகவே அந்த அம்மா தன் பழைய புடவைகளை நனைத்து மரங்களுக்கு நடுவே கொடியில் கட்டிவைப்பார். கரண்ட் வந்த பிறகும் எடுக்க மாட்டார்.

அதிகாரிகள் பார்வையிட வந்த அன்று எனக்கு அது அசிங்கமாகப் பட்டது.

“புடவையெல்லாம் எடுத்துடுங்கம்மா. வெளியாளுங்க வராங்க.”

“எடுத்துடுறேன் சார். அவுங்க போற வரைக்கும் கரண்ட் போவாம நீங்க பாத்துக்கங்க.”

சொன்னது குத்தலா, கவலையா என்று முகத்தில் தெரியவில்லை.

பலாவைப் போல அடிமரத்திலேயே காய்த்திருந்த கொக்கோவை அதிகாரிகள் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது மெஷின் நின்றது. அந்த அம்மா யாரையும் கேட்கவில்லை. சொட்டச் சொட்ட ஒரு நீலப் புடவையோடு உள்ளே வந்தார். அதிகாரிகளில் மூத்தவர் தன் ஃபைலை என்னிடம் கொடுத்துவிட்டுப் புடவையின் மறுமுனையைப் பிடித்தார்.

“இன்னும் கொஞ்சம் ஒசத்திக் கட்டுங்க அய்யா” என்றார் அந்த அம்மா.

நான் ஃபைலோடு நின்றேன்.

இப்போது முதுநகரில் இருக்கிறேன். மதியத்தில் கரண்ட் போய் ஃபேன் நிற்கும்போதெல்லாம் அந்த ஈரப் புடவைகளின் சோப்பு வாசனை வந்துபோகிறது. அவர் வீட்டில் ஃபேன் இருந்ததா என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.