வெறுந்தேத்தண்ணி மரியாதை

மிருக வைத்தியத் தொழிலில் நோயாளி உதைப்பார், உடையவர் கதைப்பார், உதையைத் தாங்கிவிடலாம். வீடு வீடாகப் போய் வேலை பார்க்கிறவர்களே, உங்களுக்கும் இது தெரிந்த துன்பம்தான்.

நாலு காலில்

அனலைதீவில் ஒரு மாட்டுக்கு மடி வீங்கியிருப்பதாகத் தகவல் வர, ஊர்காவற்றுறையில் படகு ஏறினேன். படகோட்டிக்கு இடுப்புப் பிடிப்பு. என் பையிலிருக்கும் ஊசியில் ஒன்றைத் தனக்கும் போட்டுவிடச் சொன்னார். மனிதருக்கு மருந்து போட எனக்கு அனுமதியில்லை, ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றேன். அவர் விடவில்லை, நானும் விடவில்லை. இறங்கும்போது கேட்டார்: "நாலு காலில நிண்டு காட்டினால் போடுவியளோ, டொக்டர்?"

பால் இல்லாத கிழமை

மாடு புவனமக்காவுடையது. மடியில் ஒரு பக்கம் கல்லாக இறுகியிருந்தது, தொட்டாலே மாடு உதைத்தது. ஊசி போட்டேன், மடிக்குள்ளும் மருந்து ஏற்றினேன். பிறகுதான் கசப்பான வேலை. மருந்து பாலில் இறங்கும். நான் திரும்பி வந்து சரியென்று சொல்லும்வரை கறந்து கொட்ட வேண்டும். விற்கவும் கூடாது, வீட்டில் குடிக்கவும் கூடாது.

அக்காவின் முகம் வாடிவிட்டது. அந்தக் கிழமைதான் கனடாவிலிருந்து தம்பி பிள்ளைகளோடு வருகிறார். பால்மா பைக்கற்றைக் குசினிக்குள் விடாத மனுசி. அவருடைய மானமே பால் தேத்தண்ணியில்தான் இருக்கிறது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பிள்ளைகளில் ஒன்றுக்கு மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனால்? சொன்னதை நான் மாற்றவில்லை. மாட்டைத் தடவிக்கொண்டே அவர் கேட்டார்: "கனகாலத்தால வாறவனுக்குப் பால் விடாத வெறுந்தேத்தண்ணியோ குடுக்கிறது?"

நோயாளியின் ரகசியம்

அடுத்த முறை போனபோது இறங்குதுறையடித் தேத்தண்ணிக்கடைக்காரர் மறித்தார். புவனமக்கா கடைக்குப் பால் தருவதை நிறுத்திவிட்டாராம், காரணமும் சொல்லவில்லையாம். மாட்டுக்கு என்ன வருத்தம் என்று என்னைக் கிண்டினார். அதை அக்காவிடமே கேளுங்கள், ஒருவர் வீட்டு மாட்டின் நோயை நான் இன்னொருவரிடம் சொல்வதில்லை என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்: "மாட்டுக்கும் என்ன ரகசியம், டொக்டர்?"

தட்டத்தில் வந்தது

கடைக்குப் பால் நின்றது நல்ல சேதி. ஆனால் வீட்டில்? கனடாக்காரருக்கு மட்டும் ஒரு கோப்பை என்று மனம் இளகியிருந்தால்? வருவதாகச் சொல்லாமல்தான் போனேன்.

வீடு நிறைய ஆட்கள். முதலில் மாட்டைப் பார்த்தேன். வீக்கம் வற்றி மடி மெதுமெதுப்பாகியிருந்தது, உதைக்கவுமில்லை. ஆனால் மருந்து பாலிலிருந்து முழுதாக நீங்கவில்லை. இன்னும் சில நாள் பொறுக்க வேண்டுமென்றேன். அக்கா தட்டத்தோடு வந்தார். எல்லாக் கோப்பையிலும் தேத்தண்ணி கறுப்பு. பக்கத்தில், கடித்துக்கொண்டு குடிக்க ஆளுக்கொரு சின்னப் பனங்கட்டித் துண்டு. தம்பிக்கு வெட்கமாகிவிட்டது போலும், டொக்டருக்காவது துளி பால் விடலாமே என்றார். அக்கா அத்தனை பேருக்கும் முன்னால் சொன்னார்: "டொக்டர் சரியெண்டு சொல்லுமட்டும் இந்த வீட்டில ஒருத்தருக்கும் பால் இல்லை. டொக்டருக்கும் இல்லை."

பட்டமளிப்பு மேடையில்கூட நான் இப்படி நெஞ்சை நிமிர்த்தியதில்லை. என்ன, அந்தப் பனங்கட்டித் துண்டு மட்டும் இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்திருக்கலாம்.