இரண்டு கதவுக் கார்

எங்கள் வீட்டில் கார் வாங்கும் பேச்சு எழுந்ததே என் அம்மாவின் முழங்காலால்தான். தேக்கா மார்க்கெட்டின் ஈரத் தரையில் வழுக்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் என்னென்னவோ செய்து பார்த்தும் வலது கால் மடங்காமலே நின்றுவிட்டது. எழுபதுகள் முடிந்துகொண்டிருந்த நேரம். அதுவரை ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலின் தமிழ்ப் பூசைக்கு ஃபேரர் பார்க் வீட்டிலிருந்து நடந்தே போய் வந்தவள், எட்டு மாதமாக எங்கள் ஐந்தாவது மாடியை விட்டு இறங்கவில்லை.

அதற்கு முன்னால் டாக்ஸியில் இரண்டு முறை பூசைக்குக் கூட்டிப் போயிருந்தேன். பின் சீட்டில் நீட்டிய காலோடு அவளை ஏற்ற, நான் மறுபக்கக் கதவு வழியாகப் புகுந்து அக்குளில் கை கொடுத்து இழுக்க வேண்டும். சேலை விலகும். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தபடி ஸ்டீயரிங்கில் தாளம் போடுவார். இரண்டாவது முறை வீடு திரும்பியதும் அம்மா சொன்னாள், "போதும்மா. இனிமே என்னைத் தூக்கிட்டுத்தான் போகணும். பூசையை நான் மனசுலயே பார்த்துக்கிறேன்."

சொன்னால் சொன்னதுதான் அவள். அன்றிலிருந்து ஞாயிறு காலையில் குளித்து, நல்ல சேலை கட்டி, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு ஜெபமாலையோடு ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவாள். கோயிலுக்குப் போகிறவள்போல உடுத்திக்கொண்டு எங்கும் போகாமல் இருக்கிற அம்மாவைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. கார் வாங்கியே தீர வேண்டும் என்று வீட்டுக்காரரைப் பிடுங்கி எடுத்தது நான்தான்.

அவரோ போயும் போயும் ஒரு ஜெர்மன் காரைப் பார்த்துவிட்டு வந்தார். அவரோடு வேலை பார்த்த யூரேஷியர் ஒருவர் குடும்பத்தோடு பெர்த்தில் குடியேறப் போவதால் விற்கிறாராம். முதுகு வளைந்து, முன்விளக்குகள் இரண்டும் திருதிருவென்று முழிக்கிற சின்னக் கார். எங்கள் அடுக்குமாடி புளோக்கின் மலாய்க்காரர்கள் அதை ஆமைக் கார் என்பார்கள். அப்போதே அது பழைய மோஸ்தர். ஊரெல்லாம் சப்பையான ஜப்பான் கார்கள் ஏர்கான் குளிரோடு வழுக்கிக்கொண்டு போகும்போது, இவருக்கு மட்டும் அந்த வெளிர்நீல ஆமைமேல் மையல்.

"ரேடியேட்டரே கிடையாது. காத்துலயே எஞ்சின் குளிர்ந்துக்கும். எஞ்சின் பின்னாடி, சாமான் வைக்கிற பூட் முன்னாடி. சும்மா இரும்புலா!"

"கதவு எத்தனை?"

"ரெண்டு."

"அப்ப எங்க அம்மா எப்படி ஏறுவாங்க? கூரையைப் பிரிச்சு இறக்குவீங்களா?"

அவர் முகம் சுருங்கிப் போனது. சின்னப் பிள்ளையின் கையிலிருந்து மிட்டாயைப் பறித்த மாதிரி எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

மறுநாள் தையல் டேப்பை எடுத்து, அம்மாவின் இடுப்பிலிருந்து குதிகால்வரை அளந்தேன். எதற்கு என்று அவள் கேட்டாள். "பாவாடைக்கு" என்று பொய் சொன்னேன். அந்த அளவோடு ஒரு ஜப்பான் கார் கடைக்குப் போய்ப் பின் சீட்டில் டேப்பை நீட்டிப் பார்த்தேன். விற்பனை செய்த சீனப் பையன், "மேடம், கார் வாங்கவா, கர்ட்டன் தைக்கவா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். கதவு குறுகல்தான். ஆனால் ஒரு வழியாக உள்ளே போய்விட்டால், குறுக்கே காலை நீட்டிக்கொண்டு உட்காரலாம். நாலு கதவு, ஏர்கான், தவணை வசதி. முடிவு செய்துவிட்டேன்.

வீட்டில் இதைச் சொன்னபோது அவர் மெதுவாகக் கேட்டார், "ஏன், அத்தை முன்னாடி உக்காரக் கூடாதா? அந்தக் காருக்கு ரெண்டே கதவு, அதான் ஒவ்வொண்ணும் அவ்வளவு அகலம். சீட்டைப் பின்னால தள்ளிட்டா காலை நீட்டிக்கிட்டே ஏறலாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் அம்மாவாவது, மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காருவதாவது.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் வீட்டு நடைமுறை தெரிய வேண்டும். கல்யாணமாகி ஒன்பது வருடம். அப்பா போனபின் அம்மா எங்களோடு வந்து நாலு வருடம். அத்தனை காலத்தில் அவள் மாப்பிள்ளையோடு நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. கோபமெல்லாம் இல்லை, மரியாதை. அவர் ஹாலுக்குள் வந்தால் எழுந்து நிற்பாள். கால் போன பிறகு எழ முடியாததால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வாள். அவர் எதிரிலேயே சாப்பிட்டுக்கொண்டிருப்பார். "மாப்பிள்ளைக்கு ரசம் வேணுமான்னு கேளு" என்பாள் என்னிடம். அவரும், "வேணாம்னு சொல்லு" என்பார் என்னிடம். நடுவில் நான் ஒருத்தி, கையில் கரண்டியோடு தபால் ஆபீஸ் நடத்திக்கொண்டிருந்தேன். அலுத்துக்கொள்வேனே தவிர, உள்ளுக்குள் எனக்கு அதில் ஒரு பெருமை உண்டு. நான் இல்லாவிட்டால் இந்த வீடு ஊமையாகிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அவங்க செத்தாலும் முன்னாடி உக்கார மாட்டாங்க" என்று அடித்துச் சொன்னேன். அவளிடம் கேட்கத் தோன்றவே இல்லை. என் அம்மாவைப் பற்றி எனக்குத் தெரியாதா என்ன?

அவர் அடுத்த சனிக்கிழமை மத்தியானம் அந்தக் காரை இரவல் வாங்கி ஓட்டி வந்து புளோக்குக்குக் கீழே நிறுத்திவிட்டு, மேலே வந்து என்னிடம் சொன்னார், "வண்டியைச் சும்மா ஒரு தடவை பார்க்கச் சொல்லு."

மாப்பிள்ளை சொல்லைத் தட்டுவது அம்மாவுக்குத் தெரியாத வித்தை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு கைத்தடியை எடுத்தாள். அந்தக் காலத்து லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது; நிற்கிற மாடிகளில் எங்களுடையதும் ஒன்று என்பதால் பிழைத்தோம்.

கீழே அவளாகவே பின் சீட்டைத்தான் பார்த்தாள். முன் சீட்டை மடித்துவிட்டு, குனிந்து, தலையை உள்ளே விட்டாள். கால் வரவில்லை. பக்கவாட்டில் திரும்பினாள். அப்போதும் வரவில்லை. பக்கத்து வீட்டு மலாய் மாமி, "பெலான்-பெலான், மெதுவா" என்று ஓடிவந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவின் நெற்றியெல்லாம் வியர்வை. நான் அவரை ஒரு பார்வை பார்த்தேன். நான் சொன்னதுதான் நடந்தது என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவர் முன் சீட்டை நிமிர்த்தி, எவ்வளவு போகுமோ அவ்வளவு பின்னால் தள்ளினார். கதவை முழுக்கத் திறந்து பிடித்துக்கொண்டார். என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"அத்தை, முன்னாடி உக்காருங்க."

அம்மா பழக்கப்படி என் முகத்தைப் பார்த்தாள். பதிலை என்னிடம் சொல்ல வேண்டும், நான் அவரிடம் சொல்ல வேண்டும். நான் வேண்டுமென்றே வாயை இறுக மூடிக்கொண்டேன். மாட்டேன் என்று அவள் வாயாலேயே வரட்டும் என்ற பிடிவாதம். அம்மா கொஞ்சநேரம் காத்திருந்தாள். பிறகு கதவின் கைப்பிடியைப் பார்த்தபடி கேட்டாள்.

"மாப்பிள்ளைக்குச் சங்கடமா இருக்காதா?"

"எனக்கென்ன சங்கடம்? நீங்க சௌகரியமா உக்காரணும், அவ்வளவுதான்."

அம்மா முதுகைத் திருப்பிச் சீட்டில் உட்கார்ந்தாள். காலைத் தானே இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்தாள். யாரும் இழுக்கவில்லை, சேலையும் விலகவில்லை. நான் டிரைவர் பக்கமாக நுழைந்து பின் சீட்டில் ஒடுங்கிக்கொண்டேன்.

சிராங்கூன் ரோட்டில் வண்டி ஏறியது. எஞ்சின் என் முதுகுக்குப் பின்னாலேயே கடகடவென்று அடித்தது. திறந்த ஜன்னலில் மல்லிகை வாசமும் மசாலா அரைக்கிற நெடியும் புகுந்து போயின. எட்டு மாதம் கழித்து அம்மா அந்தத் தெருவைப் பார்க்கிறாள். பூக்கடைகளைப் பார்த்தாள், நகைக்கடைகளைப் பார்த்தாள். அப்பர் சிராங்கூன் ரோட்டில் சீனர்கள் பூசைக்குப் போகும் மாதா கோயிலைக் கடந்தபோது சிலுவை போட்டுக்கொண்டாள். அவர் ஏதோ கேட்டார். அம்மா ஏதோ சொன்னாள். எனக்கு எஞ்சின் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

"என்ன? என்ன சொல்றீங்க?" என்று முன்னால் எக்கிக் கத்தினேன். ஒருவரும் திரும்பவில்லை.

பாசிர் ரிஸ் வரைக்கும் போனோம். அடுக்குமாடிகள் முளைக்காத காலம். தென்னைகளும் கம்பம் என்கிற மலாய்க் கிராமத்து வீடுகளும் தாண்டினால் கடல். வழியெல்லாம் பேச்சு. அம்மாவின் பக்கவாட்டு முகத்தில் உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஓரிடத்தில் அவர் ஸ்டீயரிங்கைத் தட்டிச் சிரித்தார். அம்மாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு மாப்பிள்ளையிடம் சொல்ல இவ்வளவு இருந்ததா? நான் நடுவில் நின்றதால்தான் இதெல்லாம் இத்தனை வருடம் ரசத்தோடும் மோரோடும் நின்றுபோயிற்றா? எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. ஏனென்று தெரியாமல் அழுகையும் வந்தது. நல்லவேளை, பின் சீட்டில் என்னை யாரும் பார்க்கவில்லை.

என்ன பேசினார்கள் என்று அன்றைக்கும் கேட்டேன், பிறகு பல தடவை தனித்தனியாகவும் கேட்டேன். "சும்மாதான்" என்றார்கள் இருவரும். அம்மாவும் போய்விட்டாள், அந்தக் காரும் எப்போதோ இரும்புக் கடைக்குப் போய்விட்டது. இன்றுவரை எனக்குத் தெரியாது.

வெயில் தாழப் புளோக்குக்குத் திரும்பினோம். அவர் சுற்றி வந்து கதவைத் திறந்தார். அம்மா கைத்தடியை ஊன்றி எழுந்து நின்று, காரை ஒரு தடவை முன்னும் பின்னுமாகப் பார்த்தாள்.

"இதையே எடுத்துருங்க மாப்பிள்ளை. அடுத்த ஞாயித்துக்கிழமை பூசைக்கு ஏழரைக்குக் கிளம்பினாப் போதும்."

வழக்கம்போல அதை அவரிடம் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், "சரி அத்தை" என்று சொல்லிவிட்டார்.