நூற்றுப் பதினேழாவது படம்

எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஓர் ஊது ஊதி, தோளில் கிடக்கும் மெல்லிய துணியால் துடைத்து, மறுபடி ஊதிப் பார்த்த பிறகுதான் ஃபிலிம்காரர் அதை ஸ்கேனருக்குள் விடுவார். மார்புப் படத்தில் வெள்ளையாகப் புள்ளி விழுந்தால், நோயா தூசா என்று டாக்டர் மண்டையை உடைத்துக்கொள்ளக் கூடாது. "தூசு என் பாடு. நோய் உங்க பாடு" என்பார்.

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். பதினோரு வருஷம் கல் அரைக்கும் ஆலையில் தூளைத் தின்று, ஆஸ்பத்திரிக்குப் பெருக்க வந்து, இன்று படக்கிடங்குக்கே அதிகாரி. படித்தவர்கள் கணினியில் தேடி முடிப்பதற்குள் இவர் படத்தை உருவிக்கொண்டு வந்து நிற்பார். நாற்காலியில் சேர்ந்தாற்போல் ஐந்து நிமிஷம் உட்கார்ந்ததாகச் சரித்திரம் இல்லை.

டாக்டரம்மா இருநூறு படங்களை முதலில் விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்தார். மூன்று வாரம் கழித்து அதே படங்களை ஸ்கேன் செய்து கணினித் திரையில் பார்க்கிறார். நுரையீரல் நோயை எது சரியாகக் காட்டிக்கொடுக்கிறது என்று அறிய வேண்டும். பெயர்களைக் கறுப்பு டேப்பால் மூடி எண் போட்டவர் ஃபிலிம்காரர். நூற்றுப் பதினேழாம் படத்தின் டேப்புக்கு அடியில் இருந்தது அவருடைய பெயர்தான்.

இரண்டு மாதமாக இருமல். படம் எடுத்துக் காட்டாமல் வீட்டுப் படி ஏறக்கூடாது என்று மனைவி சொல்லிவிட்டாள். நோயாளி வரிசையில் போய் நிற்க அவருக்கு மனம் வரவில்லை. தன் படத்தை எடுக்கச் செய்து அந்த இருநூறு படக் கட்டுக்குள் செருகிவிட்டார். விளக்குப் பெட்டியில் பார்த்த டாக்டரம்மா 'கோளாறில்லை' என்று எழுதினார். அன்று மனைவி முன்னால் மார்பைத் தட்டிக்கொண்டார். "இரும்புடி இது."

இன்று திரையில் நூறைத் தாண்டியதிலிருந்து வாசலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

"ஒரு இடத்துல நில்லுங்களேண்ணே, எனக்குத் தலை சுத்துது" என்றார் டாக்டரம்மா.

நூற்றுப் பதினேழு வந்தது. டாக்டரம்மாவின் கை நின்றது. மேல்மூலை ஒன்றைப் பெரிதாக்கினார். வெளிச்சத்தைக் கூட்டினார், குறைத்தார். பொடிப்பொடியாக மூன்று புள்ளிகள்.

"இதைத் துடைச்சுட்டுத்தானே போட்டீங்க?"

மறந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இரும்பு இரும்பாகவே இருக்கும். அந்த வார்த்தை தொண்டைவரை வந்தது. இருபது வருஷத்து வேலை குறுக்கே நின்றது.

"நான் துடைச்ச படத்துல தூசு இருக்காதும்மா."

டாக்டரம்மா 'உண்டு' என்று குறித்தார். ஆளைக் கண்டுபிடித்து உடனே வரச்சொல்ல வேண்டும் என்றபடி, படத்தை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்து அறை டாக்டரைக் கூப்பிடப் போனார்.

ஃபிலிம்காரர் திரையருகே வந்தார். ஓர் ஊது ஊதி, தோளிலிருந்த துணியை எடுத்து அந்த மூன்று புள்ளிகளின் மேல் மெல்லத் துடைத்தார். மறுபடி ஊதிப் பார்த்தார்.