வலை கடிக்கும் நாய்

"நாய்க்கும் பாடம் நடத்தப் போறியா டீச்சரம்மா? நீ படிச்சவன்னு அதுக்குத் தெரியுமா?" என்று மாமா சிரித்தார். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். இப்போது சிதம்பரத்தில் அறை எடுத்துத் தங்கி ஆசிரியையாக இருக்கிறேன். அந்தச் சிரிப்பு எனக்கு உறைத்தது.

கடலூரில் எங்கள் வீட்டு நாய் அப்பாவின் புது வலையைக் கடித்துக் குதறியிருந்தது. இன்னொரு தடவை கடித்தால் துறைமுகத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவதாக அப்பா சொல்லிவிட்டார்.

எங்கள் மீனவர் தெருவில், பல் முளைக்கும் குட்டிக்குக் கிழிந்த வலைத்துண்டைத்தான் கடிக்கப் போடுவார்கள். இதற்கும் அப்பாதான் போட்டார். பழைய வலை எது, புது வலை எது என்று அதற்கு எப்படித் தெரியும்? அப்பாவிடமே கேட்டேன்.

"எத்தினி நாய் வளத்திருக்கோம். எது இப்புடிப் பண்ணிச்சு?" என்றார்.

துண்டுகளையெல்லாம் பொறுக்கி எறிந்துவிட்டு, ரப்பர் எலும்பு ஒன்று வாங்கிவந்து போட்டேன். நாய் முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நான் பக்கத்தில் இருந்தவரை வலையைத் தொடவில்லை. நான் சிதம்பரம் திரும்பிய மறுநாளே அம்மா போன் செய்தாள்.

"மறுபடியும் கடிச்சிடுச்சு. அப்பாவுக்கு இன்னும் தெரியாது. எத்தினி நாளைக்குடி மறைப்பேன்?"

இந்தப் பழக்கம் மாறும் என்ற நம்பிக்கை எனக்கே இப்போது இல்லை. ஆனாலும் சிதம்பரம் அறையைக் காலி செய்துவிட்டேன். இன்று காலை ரப்பர் எலும்பில் மத்தி மீனைத் தேய்த்து நாயின் முன்னால் போட்டுவிட்டு, கடலூரிலிருந்தே பள்ளிக்குப் பஸ் ஏறினேன்.