ஆறாவது தீவின் அடுப்பு

செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. இதைத் தமிழ் ஆட்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் உலகம் முழுக்க வீடியோ விளையாட்டு ஆடுகிறவர்கள் இன்றைக்கு இதைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள் என்றால், அதற்குக் காரணம் என் பெரியம்மாவின் மகன். அவனுடைய அப்பா செத்தபோது அவர்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லையாம். அதை அவன் திரையில் தோன்றிச் சொன்னதை நான் பார்த்தேன். அவனுடைய அப்பாவும் பார்த்தார். அவர் எனக்குப் பக்கத்தில் இருந்து ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கோபத்தோடு தொடங்கினால் கதை குழம்பிப்போகும். முதலில் இருந்து சொல்கிறேன்.

நாங்கள் குடியேறிய வெளிநாட்டு நகரத்தில், மல்வேர்ன் என்ற பகுதியில், சுவரோடு சுவர் ஒட்டிய ரவுண்ஹவுஸ் ஒன்றில் இரண்டு குடும்பம் இருந்தோம். மேலே பெரியம்மா ஆட்கள், கீழே நாங்கள், சமையலறை பொது. பெரியம்மாவின் மகன் என்னைவிட ஒரு வயது மூத்தவன். அண்ணா என்று கூப்பிடுவேன். மற்றபடி மரியாதை ஒன்றும் கிடையாது. எங்களிடம் ஒரு பழைய விளையாட்டுப் பெட்டியும், கையில் பிடித்து ஆட இரண்டு கருவிகளும் இருந்தன. ஒன்றில் ஒரு பொத்தான் அமுங்கினால் எழும்பாது. அது யாருக்கு வந்திருக்கும் என்று நான் சொல்லவா வேண்டும்?

நாங்கள் ஆடியது ஒரேயொரு விளையாட்டைத்தான். அதற்கு நீளமாக ஒரு பெயர் இருந்தது. நாங்கள் 'தீவு' என்றே சொல்வோம். ஒரு பயணி தோணியில் தனியாக ஒரு தீவுக்கு வந்து இறங்குவான். சுடத் துவக்கு இல்லை, சண்டை இல்லை. ஊர்ச்சனத்தோடு பழகி, அவர்களுக்கு ஒத்தாசை செய்து, கடைசியில் தோணிகளுக்கு வழிகாட்டும், இடிந்துகிடக்கும் வெளிச்சவீட்டை எல்லோருமாகச் சேர்ந்து திருத்துவார்கள். அவ்வளவுதான். பார்க்கிறவர்களுக்குக் கொட்டாவி வரும். எங்களுக்கு அதுதான் உயிர்.

ஐந்து பாகங்கள் வந்தன, ஒவ்வொன்றும் ஒரு புதுத் தீவு. ஐந்தாவதோடு கொம்பனி நிறுத்திவிட்டது. ஆறாவது வருகிறது, வருகிறது என்று பள்ளிக்கூடத்தில் கதை அடிபடும், ஆனால் வரவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு நாங்களே அதை வாயால் செய்யத் தொடங்கினோம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகிற பஸ்ஸில்தான் எங்கள் அலுவலகம். ஒரு சட்டம் வைத்திருந்தோம்: யோசனை சொன்னவர் அதை நடித்துக் காட்ட வேண்டும், மற்றவர் பயணியாக இருந்து அதற்குள் நடக்க வேண்டும். நடிக்க முடியாத யோசனை தள்ளுபடி.

ஆறாவது தீவில் தோணி யாருக்காகவும் நிற்காது. நாங்கள் ஓடி வருவது கண்ணாடியில் தெரிந்தும் பஸ்காரர் கதவைச் சாத்திக்கொண்டு போனாரே, அப்படி. ஆறாவது தீவில் எந்த வீட்டுக்குப் போனாலும் தேத்தண்ணி குடிக்காமல் வெளியே வர முடியாது. நாலைந்து வீடு ஏறி இறங்கினால் பயணிக்கு வயிறு ஊதி ஓட்டம் குறைந்துவிடும். "என்ன படிக்கிறீர்?" என்று மட்டும் கேட்கும் ஓர் அன்ரி இருந்தா. எந்தப் பதிலைச் சொன்னாலும் தன் மகளின் மார்க்ஸைச் சொல்வா. அந்த அன்ரியை நடிப்பதில் அவனை அடிக்க ஆள் இல்லை. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நோகும்.

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது அப்பா செத்துப்போனார். வேலைக்குப் போகிற பஸ்ஸில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர்தான். இங்கே சனி ஞாயிறு பார்த்துச் செத்தவீட்டுச் சடங்கை வைத்தால்தான் வேலைக்குப் போகிற சனம் வரும். அதனால் அந்தக் கிழமை முழுவதும் அப்பா எங்கேயோ ஒரு குளிர்ந்த அறையில் காத்துக்கொண்டு இருந்தார். எங்கள் வீட்டு அடுப்பும் குளிர்ந்து கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர், அப்பாவோடு வேலை செய்தவர்கள், முன்பின் தெரியாதவர்கள் எல்லோரும் அலுமினியத் தட்டுகளில் சாப்பாடு கொண்டுவந்தார்கள். இடியப்பமும் சொதியும், சோறும் பருப்பும். எல்லாம் மரக்கறி, மீன் இறைச்சி ஒன்றும் இல்லை. வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள், பிறகு போவார்கள்.

நானும் அண்ணாவும் மாடிப்படியில் இருந்து இடியப்பம் சாப்பிட்டோம். நான்தான் சொன்னேன். "ஆறாவது தீவில ஆரும் செத்தா அந்த வீட்டு அடுப்பு எரியக்கூடாது."

"பட்டனை அமத்தினாலுமோ?"

"அமத்தினாலும். பயணி தன்ர வீட்டில சமைச்சுக் கொண்டுபோய்க் குடுக்க வேணும். ஒண்டும் கதைக்கேலாது. பக்கத்தில இருக்க மட்டும்தான் ஏலும்."

சட்டப்படி நான் நடித்துக் காட்டியிருக்க வேண்டும். அவன் கேட்கவில்லை. தன் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு ஒரு படி கீழே இறங்கி என் பக்கத்தில் இருந்தான். அதற்காகவே நான் அவனைப் பிறகு எத்தனையோ தடவை மன்னித்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு எங்களையும் சேர்த்து வளர்த்தது பெரியப்பாதான். அதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் அந்த மனிதரில் ஒரு பிழையும் இல்லை.

நான் பல் மருத்துவ நிலையம் ஒன்றில் பற்களைத் துப்புரவு செய்யும் வேலைக்குப் போனேன். அண்ணா கம்பியூட்டர் படித்து, டவுன்டவுனில் விளையாட்டுகள் செய்கிற கொம்பனி ஒன்றில் சேர்ந்தான். சில வருடங்களுக்கு முன், தீவு விளையாட்டைத் திரும்பச் செய்யும் உரிமை அந்தக் கொம்பனிக்கே கிடைத்தது. செய்தி வந்த அன்றே என்னைத் தேடி வந்தான். வேலைத்தலத்துக்குப் பக்கத்துக் கோப்பிக் கடையில் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரிக் கத்தினோம். ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்கட ஐடியாஸ் எல்லாத்தையும் சொல்லப் போறன். நீ ஓகேதானே?" என்று கேட்டான்.

"எல்லாத்தையும் எடு அண்ணா. தோணி, தேத்தண்ணி, அன்ரி எல்லாம் எடு. அடுப்பை மட்டும் எடுக்காதை. அது அப்பாட."

"ஐ நோ. அது உன்ர. தொடமாட்டன்," என்றான். என் கையைப் பிடித்துத்தான் சொன்னான்.

புது விளையாட்டை உலகத்துக்கு அறிவித்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். ஸ்ரௌவ்வில்லில் தன் அப்பா அம்மாவோடு இருக்க அவன் வாங்கியிருந்த புது வீட்டு பேஸ்மென்றில் சொந்தக்காரர் எல்லோரும் கூடியிருந்தோம். அம்மாவும் பெரியம்மாவும் மேலே குசினியில் பொரித்துக்கொண்டு நின்றார்கள். பெரிய ரீவியில் முன்னோட்டம் ஓடியது. தோணி வந்தது, கைதட்டினேன். தேத்தண்ணி வந்தது, விசிலடித்தேன். பிறகு கூரையில் புகை இல்லாத ஒரு வீடு வந்தது. பயணி அடுப்படியில் நின்று பட்டனை அமத்துகிறான், எரியவில்லை. வாசலில் ஒரு பெண் தட்டோடு வந்து நிற்கிறாள். தட்டில் பொரித்த மீன். செத்த வீட்டுக்கு மீன்! தட்டப்போன என் கைகள் அப்படியே நின்றன.

அதோடு முடியவில்லை. முன்னோட்டத்துக்குப் பிறகு அவனுடைய முகம் வந்தது. தான் பன்னிரண்டு வயதுப் பிள்ளையாக இருந்தபோது தன்னுடைய அப்பா இறந்துபோனார் என்று ஆங்கிலத்தில் சொன்னான். அந்தக் கிழமை முழுவதும் எங்கள் அடுப்பு எரியவில்லை, நான் மாடிப்படியில் இருந்து இந்த விளையாட்டை யோசித்தேன் என்றான். 'நான்' என்றான். அவன் கதையில் படியில் வேறு யாரும் இருக்கவில்லை.

பேஸ்மென்றில் இருந்த இளசுகள் பெரியப்பாவைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார்கள். "அங்கிள், யு ஆர் டெட்!" என்று ஒருவன் கத்தினான். பெரியப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கையிலிருந்த ரோல்ஸைத் தட்டில் வைத்தார், பிறகு அதைத் தொடவில்லை. எல்லோரும் எழும்பிக் கைதட்டினார்கள்.

அவனைக் கராஜுக்குள் கூட்டிக்கொண்டு போனேன்.

"தொடமாட்டன் எண்டனீ."

"மற்ற ஐடியாஸ் எல்லாம் ஃபன்னி. டீமுக்கு ஒரு ஹார்ட் தேவைப்பட்டது," என்றான். "எங்க இருந்து வந்ததெண்டு கேட்டாங்கள். என்ர சித்தப்பா எண்டு சொன்னா ஒருத்தருக்கும் விளங்காது. அப்பா எண்டாத்தான் கதை நிக்கும். இட்ஸ் ஜஸ்ட் மார்க்கெற்றிங்."

"உன்ர அப்பா உள்ளுக்கு இருந்து ரோல்ஸ் சாப்பிடுறார்."

"அவர் ஒண்டும் நினைக்கமாட்டார். நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதானே யோசிச்சனாங்கள்?"

"யோசிச்சது ரெண்டு பேர். செத்தது என்ர அப்பா."

அவன் நிலத்தைப் பார்த்தான். விளையாட்டின் கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் என் பெயரைப் போடுவதாகச் சொன்னான். நான் கதவுப் பக்கம் திரும்ப, அவன் துணிந்து மற்றதையும் சொன்னான். "நான் சும்மா எடுக்கேல்லை. சித்தியைக் கேட்டனான். சித்தி ஓம் எண்டவ."

சித்தி என்றால் என் அம்மா.

என்னுடைய அப்பாவை அவன் எடுத்தான், அம்மா எடுத்துக் கொடுத்தா. வீட்டுக்குப் போகிற வழியில் காரில் எனக்கு இதுதான் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா முன்சீற்றில் சந்தோஷமாக இருந்தா. மிஞ்சிய ரோல்ஸ் மடியில் இருந்தது.

"சனம் கை தட்டினது மேல குசினிக்கும் கேட்டது பிள்ளை. போன மாதம் அண்ணா எனக்குப் போன் எடுத்தவன். சித்தப்பா செத்த நேரம் அடுப்பு மூட்டாமல் இருந்ததைக் கேமில போடட்டோ சித்தி எண்டு கேட்டான். போடு ராசா எண்டனான். உனக்குச் சர்ப்ரைஸ், சொல்லாதேங்கோ எண்டவன்." என் பக்கம் திரும்பினா. "நீயும் நானும் செத்தா அப்பாவை ஆர் நினைக்கப் போயினம்? இப்ப உலகம் முழுக்க அறியும். அவரைப் பற்றி என்னவாம் சொன்னவன்? வடிவாச் சொன்னவனோ?"

அப்போதுதான் விளங்கியது, ஏமாந்தது நான் மட்டும் இல்லை. 'ஓம், வடிவாச் சொன்னவன்' என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். என் வாயில் வரவில்லை. காரை ஓரத்தில் நிறுத்திவிட்டு, அவன் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் சொன்னேன்.

"அத்தானையோ?" என்று அம்மா கேட்டா. பெரியப்பாவை அம்மா அத்தான் என்றுதான் சொல்வா. "அத்தான் செத்திட்டார் எண்டோ? வடிவாக் கேட்டனியோ?"

"ஓம் அம்மா."

அம்மா மடியில் இருந்த ரோல்ஸை எடுத்துக் காலடியில் வைத்தா. பிறகு, "காரைக் கோயிலுக்கு விடு," என்றா. கடவுளுக்கு முன் நின்று அழப்போகிறா என்று நினைத்தேன்.

அழவில்லை. நேரே போய் அர்ச்சனை ரிக்கற் எடுத்தா. ஐயர் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்டார். அம்மா தடுமாறாமல் பெரியப்பாவின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவருக்கோ? அவருக்கு ஏன் அம்மா? எல்லாத்தையும் எடுத்தது அந்த வீடு. இதுவும் அந்த வீட்டுக்கோ?"

அம்மா கும்பிட்ட கையை எடுக்காமலே சொன்னா. "உயிரோட இருக்கிற மனிசனைச் செத்துப்போனாரெண்டு ஊர் உலகத்துக்குச் சொல்லிப்போட்டான். அவருக்கு ஒண்டும் வந்திடக்கூடாது. உன்ர அப்பாவுக்கு இனி என்ன வரப்போகுது?"

அம்மாவின் உதடு துடித்துக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு இனி ஒன்றும் இல்லை என்பதை அம்மாவை என் முகத்துக்கு முன்னால் சொல்ல வைத்தானே என்றுதான் அவன் மேல் எனக்கு ஆறாத கோபம்.

விபூதியையும் பூவையும் தேங்காய்ப் பாதியையும் ஒரு பையில் போட்டு என்னிடம் தந்தா. "அத்தானிட்டைக் குடுத்திட்டு வா. நான் காருக்குள்ள இருக்கிறன். அவன்ர முகத்தில முழிக்க எனக்கு இண்டைக்கு ஏலாது."

திரும்ப ஸ்ரௌவ்வில்லுக்குக் காரை ஓட்டினேன். விருந்தாளிகள் போய்விட்டார்கள், வாசலில் எங்கள் கார் மட்டும்தான் நின்றது. கதவைத் திறந்தது அவன்தான். என்னைக் கண்டதும் அவன் முகம் தெளிந்தது. நான் சமாதானத்துக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்தான்.

"ஐ நியூ இட். உனக்கு விளங்கும் எண்டு தெரியும்," என்றான்.

"இது உனக்கில்லை. அர்ச்சனை செய்தனாங்கள். உன்ர அப்பாவைக் கூப்பிடு."

அவன் பையைப் பார்த்தான். எதற்கு அர்ச்சனை என்று கேட்க வாயெடுத்தவன் கேட்கவில்லை. காதுவரை சிவந்துபோய், என்னைப் பார்க்க முடியாமல் உள்ளே திரும்பி, "அப்பா!" என்று கூப்பிட்டான்.

"ஓம், வாறன்," என்று உள்ளேயிருந்து உடனே பதில் வந்தது.